வெட்சி ஏன் மஞ்சளித்தது?

வைட்டிலாவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் முன்புறம், மதிலை ஒட்டி, மூன்று ஆண்டுகளுக்கு முன் 14 வெட்சிச் செடிகள் நடப்பட்டன. முதல் மழைக்காலத்தில் நன்கு தழைத்தன. இரண்டாம் வேனிலில் புதிய இலைகள் வெளிறத் தொடங்கின. நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி எலுமிச்சம்பழ நிறமாயிற்று. பூங்கொத்துகள் சிறுத்தன. உரம் இட்டோம்; தண்ணீரைக் கூட்டினோம்; யாரோ சொன்னார்கள் என்று வேப்பெண்ணெயும் தெளித்தோம். ஒன்றும் பயன்படவில்லை. தோட்டவேலைக்கு வரும் முதியவர் ஒருநாள் செடியின் அடியில் கையைவிட்டு ஒரு பிடி அள்ளி என் முன்னால் நீட்டினார். உடைந்த சாந்துக் கட்டி, செங்கற்பொடி, ஒரு தரையோட்டின் மூலை.

“இது மண்ணல்ல மோளே” என்றார்.

மலையாளத்திலும் தமிழிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கும் அந்தத் தொடரைச் சில மாதங்களாக மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் மண்ணியல் கற்றவள் அல்லள். பழந்தமிழ் நூல்களில் வரும் தாவரப் பெயர்களை ஆய்பவள். ஆயினும் கொச்சியில் வீட்டு முற்றங்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் மேம்பாலங்களின் அடியிலும் பூஞ்செடிகளும் அழகுப்பனைகளும் நடப்படுவதையும், அவற்றுள் பல வாடி அகற்றப்பட்டு மீண்டும் நடப்படுவதையும் பார்க்கும்போது, அந்த முதியவரின் சொல் ஒரு பொது விவாதத்துக்கு உரியது என்று தோன்றுகிறது. எந்தச் செடியை நடுவது என்று நாம் கேட்கிறோம். எதில் நடுகிறோம் என்று கேட்பதில்லை. என் கருத்து இவ்வளவே: கொச்சியில் ஒரு செடியை நொய்ந்ததாக்குவது அதன் பிறப்போ பிறந்த நாடோ அன்று, நாம் அதற்குக் கொடுக்கும் இடம்.

‘மென்செடி’ என்ற கருத்தின் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். குளிர்நாட்டுத் தோட்டக்கலை நூல்களில் செடிகள் இரு பெரும் பிரிவாகும்: உறைபனியைத் தாங்குவன, தாங்காதன. தாங்காதவை மென்செடிகள். செம்பருத்தி, அரளி, எலுமிச்சை, பெரும்பாலான பனையினங்கள் எல்லாம் அங்கே மென்செடிகளே. கோடையில் தொட்டியோடு வெளியே வைத்து, குளிர் தொடங்குமுன் உள்ளே எடுத்துச் செல்ல வேண்டும். இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் 1844க்கும் 1848க்கும் இடையில் இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பப்பட்ட பனைமாளிகை இந்த ஒரு தேவைக்காக உருவானதே. நம் ஊரில் வேலியோரத்தில் தானே வளரும் மரங்களுக்கு அங்கே ஒரு மாளிகை வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றில் கொச்சிக்கு நேரடிப் பங்கு உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் ஆளுநராகக் கொச்சியில் இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு தொகுப்பித்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிகூஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், கொங்கணி அந்தணர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோரும் அந்நூலுக்கு வழங்கிய அறிவு பெரிது. அவர்கள் 1675இல் அளித்த சான்றுரைகள் முதல் தொகுதியிலேயே அச்சாயின. இந்த நூலின் தொகுதிகள் சிலவற்றுக்குக் குறிப்புரை எழுதிய யான் கொம்மலின் என்ற ஆம்ஸ்டர்டாம் தாவரவியலாளர்தாம், எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளை நெதர்லாந்தின் குளிரில் காப்பாற்றி வளர்ப்பது எப்படி என்று 1676இல் தனிநூல் எழுதியவர். மலபாரின் செடிகளைப் பற்றிப் படித்துக் குறிப்பெழுதிய மனிதர், வெப்பநாட்டுச் செடியைக் குளிர்நாட்டில் பிழைக்கவைக்கும் வழியையும் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரி யார் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது: பனி.

கொச்சியில் பனி இல்லை. குளிர்காலத்திலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே எதை நட்டாலும் வளரும் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. ‘குச்சியை ஊன்றினாலும் துளிர்க்கும் நாடு’ என்று கேரளத்தைப் பற்றிப் பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பாலிருந்து வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. இங்கே செடிக்கு எதிரிகள் இருக்கின்றன. அவை மேலிருந்து வருவதில்லை, அடியிலிருந்து வருகின்றன.

முதல் எதிரி வேரில் தேங்கும் நீர். கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. கோயம்புத்தூரில் பெய்வது இதில் நான்கில் ஒரு பங்களவே. வைட்டிலாவின் தாழ்வான பகுதிகளில் ஆடி மாதத்தில் முழங்கால் ஆழம் தோண்டினாலே நீர் ஊறும். வேர்களுக்கு உயிர்வளி வேண்டும். மண்ணின் துளைகள் வாரக்கணக்கில் நீரால் நிறைந்துவிட்டால் வேர் மூச்சுமுட்டி அழுகும். கோயம்புத்தூரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த குண்டுமல்லியும், தொட்டியில் தடித்த அடியோடு நின்ற பாலைவன ரோஜாவும் இங்கே முதல் மழைக்காலத்தைத் தாண்டாமல் போவது இதனால்தான். காகிதப்பூ சாவதில்லை, ஆனால் மழை மாதங்களில் இலையாகவே நிற்கும். வறட்சியின் தூண்டல் கிடைக்கும் மார்கழி முதல் சித்திரை வரைதான் அதன் வண்ணம். ஆடியில் விலைகொடுத்து வாங்கி நட்டுவிட்டு ஏன் பூக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

இரண்டாவது எதிரி உப்பு. மழைக்காலத்தில் ஆறுகளின் வெள்ளம் காயலை நன்னீராக்குகிறது. மழை ஓய்ந்தபின் கடல்நீர் ஓதத்தோடு உள்ளே ஏறி, மாசி, பங்குனியில் காயலும் அதையொட்டிய வாய்க்கால்களும் உவர்க்கின்றன. கரையோரக் கிணறுகள் பலவும் அப்படியே. வேனிலில் செடிகள் வாடுகின்றன என்று அந்த நீரையே நாளும் இருவேளை பாய்ச்சுகிறோம். இலை நுனிகள் கருகுகின்றன. கருகுவதைக் கண்டு இன்னும் பாய்ச்சுகிறோம். ஒவ்வொரு முறையும் நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்குகிறது. தொட்டிச் செடிகளுக்கு இது விரைவில் முடிவு.

மூன்றாவது எதிரி சிமென்ட். எங்கள் வெட்சிக்கு நேர்ந்தது இதுவே. வெட்சி அமிலத்தன்மை கொண்ட மண்ணை விரும்பும் செடி. கேரளத்தின் இயற்கையான செம்மண், வெட்டுக்கல் மண் அமிலத்தன்மை உடையவை. பெருமழை சுண்ணத்தை அரித்துச் செல்வதால் அவ்வாறு அமைகின்றன. ஆனால் அடுக்ககங்களின் முன்புறத்தில் ‘மண்’ என்ற பெயரில் நிரப்பப்படுவது பழைய வீடுகளின் இடிபாடு. சாந்திலுள்ள சுண்ணம் மண்ணைக் காரமாக்குகிறது. மண் காரமானால் அதிலுள்ள இரும்பும் மாங்கனீசும் கரையாத நிலைக்குச் சென்றுவிடுகின்றன. இருந்தும் வேருக்கு எட்டா. இலை வெளிறி நரம்பு பச்சையாக நிற்பது அதன் அடையாளம். எங்கள் மண்ணை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தபோது பி.எச். அளவு 8ஐத் தாண்டியிருந்தது. நாங்கள் உரமிட்டது, வாய் கட்டப்பட்டவன் முன் இலை போட்டுப் பரிமாறியது போல.

இதில் என்னை உறுத்துவது வெட்சியின் அடையாளம். மலையாளத்தில் தெச்சி, செத்தி. ஹோர்த்தூஸ் மலபாரிகூஸில் ‘செத்தி’ என்ற பெயரோடுதான் அது வரையப்பட்டிருக்கிறது. லின்னேயஸ் 1753இல் அதற்கு வைத்த ‘இக்ஸோரா’ என்ற பேரினப் பெயர், ‘ஈசுவரன்’ என்ற சொல் போர்த்துக்கீசியர் வாயில் திரிந்ததிலிருந்து பிறந்தது. இந்நாட்டுக் கோயில்களில் இன்றும் தொடுக்கப்படும் பூ. பழந்தமிழர் புறத்திணையொன்றுக்கே பெயரான பூ. இவ்வளவு ஆழமாக இந்நிலத்தில் வேரூன்றிய ஒரு செடி, இந்நிலத்திலேயே, வைட்டிலாவின் ஒரு மதிலோரத்தில், அயல்நாட்டு மென்செடியைப் போல் நோயுற்று நிற்கிறது. ஆம்ஸ்டர்டாமில் அதற்குப் பனி பகை. இங்கே நாம் கொட்டிய சாந்து.

ஆகவே ‘நாட்டுச்செடிகளையே நடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று இன்று பரவலாகச் சொல்லப்படும் அறிவுரையை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. அந்த அறிவுரையின் நோக்கம் நல்லது. ஆனால் நாட்டுச்செடியின் நாடு எங்கே இருக்கிறது? மேல்மண் அகற்றப்பட்டு, இடிபாடு கொட்டப்பட்டு, அதன்மேல் அரையடிச் செம்மண் தூவப்பட்ட இடத்தில் வைட்டிலா என்ற பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மேம்பாலங்களின் அடியில் நிலைமை இன்னும் விந்தையானது. 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், பாலத்தின் கீழே ஒரு துளியும் விழாது, வெயிலும் விழாது. வறண்ட நிழல். அந்தச் சூழல் இம்மாநிலத்தின் எந்தக் காட்டிலும் இல்லாதது. அங்கே எந்த நாட்டுச்செடியும் நாட்டுச்செடியாக முடியாது.

பனைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். புதிய அடுக்ககங்களின் வாயில்களிலும் வணிக வளாகங்களின் முன்னாலும் இப்போது வரிசையாக நிற்பவை பெரும்பாலும் நரிவால் பனை, புட்டிப் பனை, அரசப் பனை ஆகியன. நரிவால் பனை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், கேப் மெல்வில் என்னும் இடத்துக் கருங்கற்பாறைகளுக்கு இடையே மட்டும் இயற்கையாக வளர்வது. 1983இல்தான் அறிவியற்பெயர் பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்குள் உலகின் வெப்பநகரங்கள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. புட்டிப் பனை மொரீஷியசை அடுத்த ஒரு சிறு தீவுக்குரியது. அங்கே இயற்கையில் எஞ்சியவை மிகச் சில. அரசப் பனை கியூபாவும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் தாயகமாக உடையது. இவற்றை விரும்புகிறவர்களின் காரணங்களை எள்ளி ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே உயரத்தில் கிடைக்கின்றன. வாகனங்கள்மேல் காய் விழும் அச்சமில்லை. ஆள்விட்டு ஏறிப் பறிக்க வேண்டியதில்லை. தென்னை ஏறுவோர் கிடைப்பது அரிதாகிவிட்ட ஊரில், சாலையோரத்தில் தென்னை நடுங்கள் என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது.

ஆனால் பனையின் உடலமைப்பை அறிந்துதான் அதை வாங்க வேண்டும். மாமரத்துக்கோ பூவரசுக்கோ கிளையொடிந்தால் வேறிடத்தில் துளிர்க்கும். நான் சொன்ன இப்பனைகளுக்கு உயிர் ஒரே குருத்தில் இருக்கிறது. குருத்து அழுகினால் மரம் முடிந்தது. வெட்டிவிட்டுப் புதிதாகத் துளிர்க்கவைக்க வழியில்லை. பட்டை காயம்பட்டால் அது ஆறுவதும் இல்லை. அந்தக் காயம் நாடி வருவது சிவப்புக் கூன்வண்டு. தெற்காசியாவில் தென்னையைத் தாக்கிவந்த இவ்வண்டு 1980களில் அரபு நாடுகளின் பேரீச்சந்தோப்புகளுக்கும், பின்னர் மத்தியதரைக்கடல் நாடுகளின் அழகுப்பனைகளுக்கும் சென்றதில், நடுவதற்காக நாடுவிட்டு நாடு ஏற்றிச் செல்லப்பட்ட பனைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மரம் பயணம் செய்யும்போது அதன் பகையும் உடன் ஏறிக்கொள்கிறது.

அப்படி வந்த பனையை இடிபாட்டு மண்ணில் நட்டால் வெட்சிக்கு வந்த அதே நோய் வேறு வடிவில் வரும். மாங்கனீசு எட்டாதபோது புதிய ஓலைகள் குட்டையாய், சுருண்டு, தீயில் பொசுங்கியவை போல் வெளிவரும். பார்ப்பவர்கள் வெயிலின் கொடுமை என்பார்கள். தண்ணீர் வண்டி வரும். ஓராண்டில் மரம் போகும். அதே குழியில் அதே பனை மீண்டும் நடப்படும். இது அழகியலைப் பற்றிய வாதம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாம் நடவின் செலவை எண்ணிப் பார்க்கட்டும். அடுக்ககமானால் அது நம் பராமரிப்புக் கட்டணம். பொது இடமானால் வரிப்பணம். நண்பகலில் போக்குவரத்து நடுவே குழாயைப் பிடித்து நிற்கும் தொழிலாளியின் உழைப்பும் அந்தக் கணக்கில் சேரும். பிழைக்க வழியில்லாத செடிக்கு நீர் வார்க்கும்படி ஒரு மனிதரை வெயிலில் நிறுத்துகிறோம்.

இதனால் அயல்நாட்டுச் செடி அனைத்தையும் விலக்க வேண்டும் என்ற முடிவுக்கும் நான் வரவில்லை. விலக்கினால் நம் முற்றம் வெறுமையாகிவிடும். கோயில் வாயிலில் நிற்கும் நாவில்லா அரளி அமெரிக்கக் கண்டத்து வெப்பநிலங்களிலிருந்து வந்தது. காகிதப்பூ பிரேசிலிலிருந்து வந்தது. வந்தவர்களை ஏற்று உறவாக்கிக்கொண்ட துறைமுகம் இது. மட்டாஞ்சேரியின் ஒரு தெருவில் நடந்தால் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் காதில் விழும். அவ்வூரில் நின்றுகொண்டு செடிகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்க வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள். இது இங்கே நம்மை ஓயாமல் வருத்தாமல் வாழுமா? மற்றவற்றை வாழவிடுமா?

இரண்டாவது கேள்விக்கு நம்மிடம் கசப்பான பாடங்கள் உண்டு. கொச்சிக் காயலை மூடும் ஆகாயத்தாமரை பூவின் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்று இங்கே அழைக்கப்படும் நீர்ச்செடி ஆப்பிரிக்காவுடையதே அன்று, பிரேசிலுடையது. வயநாட்டுக் காடுகளிலும் முதுமலையிலும் இன்று யானைக்கும் மானுக்கும் உணவான கீழ்வளர் செடிகளை ஒடுக்கிப் பரவிவரும் மஞ்சட்பூ மரமான சென்னா ஸ்பெக்டபிலிஸும் அழகுக்காக நடப்பட்டதே. காலியிடங்களில் பசும்பாய் விரித்து மஞ்சள் பூக்கும் சிங்கப்பூர் டெய்சி வைட்டிலா வாய்க்கால் ஓரங்களிலும் இருக்கிறது. இவை நொய்ந்தவை அல்ல. மிகையாக வல்லவை. பொதுவெளியில் நடுவதற்கு ‘எளிதில் வளரும்’ என்ற ஒரே தகுதி போதாது என்பதற்கு இவை சான்று.

அரளி இன்னொரு வகைப் பாடம். குளிர்நாட்டில் அது தொட்டிக்குள் பேணப்படும் மென்செடி. தமிழ்நாட்டு நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் புகையையும் வறட்சியையும் தாங்கிக் கல்போல் நிற்கும் வன்செடி. ஆடும் மாடும் தொடா. அது தொடாமைக்குக் காரணம் நஞ்சு. 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்க முடிவு செய்தன. அதைத் தொடர்ந்து பல அடுக்ககங்களில் அரளியை வேரோடு பிடுங்கினார்கள். நெடுஞ்சாலை நடுவே, ஒருவரும் கைநீட்டாத இடத்தில் அரளி பொருத்தமான செடி. குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் பொருந்தாது. ஒரே செடி, இடம் மாற மதிப்பும் மாறுகிறது.

இவ்விடத்தில் என் ஆய்வுத்துறையிலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். பழந்தமிழர் நிலத்தை முதற்பொருளாகவும், அதில் வாழும் மரம், பூ, பறவை முதலியவற்றைக் கருப்பொருளாகவும் வகுத்தார்கள். நிலம் முதலில்; செடி அதற்குப் பின். கொச்சி நெய்தல் நிலம். புன்னை, தாழை, ஞாழல், கண்டல் ஆகியவை நெய்தலோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. இந்தச் சேர்க்கை வெறும் கவிமரபு என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். வைட்டிலாவின் உவர்நீரைப் பார்த்தபின் அது கூர்ந்த கள ஆய்வாகத் தோன்றுகிறது. புன்னை உப்புக்காற்றைத் தாங்கும். தாழையின் ஊன்றுவேர்கள் வாய்க்கால் கரையைப் பிடித்து நிறுத்தும். கைதை என்று அதை நட்டுக் கரைகாத்து, அதன் ஓலையில் பாய் முடைந்தவர்கள் இந்நாட்டார். நீர்ப்பருத்தி உவர்ச்சேற்றில் நின்று காலையில் மஞ்சளாகப் பூத்து மாலையில் செம்மையேறி உதிரும். அதன் இன்றைய பேரினப் பெயரான ‘தாலிபரிதி’ மலபாரின் சொல்லிலிருந்தே உருவானது. இவை எவற்றுக்கும் தண்ணீர் வண்டி வேண்டியதில்லை. பனைகளைப் பொறுத்தும் அப்படியே. இது சேரநாடு, சேரர்க்குரிய மாலை பனம்பூ மாலை. பொதுவிடத்தில் தென்னைக்குத் தயங்குகிறவர்கள் கமுகையும் கூந்தற்பனையையும் எண்ணிப் பார்க்கலாம். பல பத்தாண்டுகள் வளர்ந்து ஒரே ஒருமுறை மாபெரும் கொத்தாகப் பூத்து மடியும் குடைப்பனைக்கு ஒரு பூங்காவில் ஓரிடம் கொடுக்கலாம். அதை நடுகிறவர் அதன் பூவைக் காணாமல் போகலாம். அத்தகைய நடவும் ஓர் ஊருக்கு வேண்டும்.

பழைய நிலம் இப்போது இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நானே மேலே அதைத்தான் சொன்னேன். அதற்கான விடையும் வைட்டிலாவிலேயே இருக்கிறது. இவ்வூரின் பெயர் ‘வயல்தலை’ என்பதிலிருந்து வந்ததென்று சொல்வார்கள். அடுக்ககங்களுக்கும் மெட்ரோவுக்கும் முன் இது பொக்காளி நெல் விளைந்த ஓதநிலத்தின் விளிம்பு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இங்கே இயங்குகிறது. ‘வைட்டிலா’ என்ற பெயரிலேயே உவர்நில நெல்வகைகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றுள் முதலாவதான வைட்டிலா-1, ‘சூட்டுப் பொக்காளி’ என்ற உழவர் நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது.

பொக்காளி உழவர் செய்வதைப் பாருங்கள். வேனிலில் வயலில் மண்ணைக் குவித்து வரிசையாக மேடுகள் எழுப்புவார்கள். பருவமழை அம்மேடுகளின்மேல் பெய்து உப்பைக் கழுவி இறக்கும். உப்பு நீங்கியபின் முளைகட்டிய விதையை மேட்டின் உச்சியில் விதைப்பார்கள். நாற்று ஒரு மாதம் போல வளர்ந்தபின் மேட்டைக் கலைத்து நாற்றோடு மண்ணை வயலில் பரப்புவார்கள். அறுவடைக்குப் பின் அதே வயலில் உவர்நீரை விட்டு இறால் வளர்ப்பார்கள். உப்பையும் வெள்ளத்தையும் வெல்ல அவர்கள் முயலவில்லை. மழை எப்போது உப்பைக் கழுவும் என்று அறிந்து அதற்கேற்ப மண்ணை உயர்த்தி வைக்கிறார்கள். முதலில் மண், பிறகு காத்திருப்பு, அதன் பின்னரே விதை. நம் தோட்ட ஒப்பந்தங்கள் இதற்கு நேர் எதிரான வரிசையில் எழுதப்படுகின்றன. செடியின் பெயர், உயரம், எண்ணிக்கை, விலை எல்லாம் உண்டு. மண்ணைப் பற்றி ஒரு வரி இருந்தால் அது ‘தேவையான அளவு செம்மண்’ என்பதாக இருக்கும்.

ஆகவே குடியிருப்போர் சங்கங்களிடமும், பொதுவெளியில் செடி நடும் பொறுப்பிலுள்ளவர்களிடமும் என் வேண்டுகோள்கள் நான்கு.

ஒன்று: நடுவதற்கு முன் மண்ணைச் சோதியுங்கள். கார அமில அளவும் உப்பும் தெரிந்தால் போதும். நட்டபின் இடும் உரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சிறிது. இடிபாடு இருந்தால் குறைந்தது முழங்கை ஆழம் அகற்றிவிட்டு வெட்டுக்கல் மண்ணும் மக்கிய தழையும் நிரப்புங்கள்.

இரண்டு: தாழ்ந்த இடத்தில் குழி தோண்டாதீர்கள், மேடு எழுப்புங்கள். ஓரடி உயர்ந்த பாத்தி, மழை மாதங்களில் வேருக்கு மூச்சுவிட இடம் தரும். வேனில் தொடக்கத்தில் மேடமைத்து, முதல் மழைகள் உப்பைக் கழுவியபின் நடுங்கள். திறப்புவிழா நாளுக்காகப் பங்குனியில் நடாதீர்கள்.

மூன்று: ஒப்பந்தத் தொகையின் ஒரு பகுதியை இரண்டாவது மழைக்காலம் முடிந்தபின், உயிரோடு நிற்கும் செடிகளை எண்ணிக் கொடுங்கள். இந்த ஒரு விதி வந்தால், விற்பவரே மண்ணைப் பற்றிக் கேட்கத் தொடங்குவார்.

நான்கு: பாலத்தின் அடி போன்ற வறண்ட நிழலில் பூ வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அங்கே இருக்கைகளோ மிதிவண்டி நிறுத்தமோ அமையலாம். எல்லா இடமும் பசுமையாக வேண்டும் என்ற ஆசையே பல செடிகளைக் கொன்றிருக்கிறது.

இவற்றுக்குச் செலவு கூடாதா என்ற வினா எங்கள் சங்கக் கூட்டத்திலேயே எழுந்தது. முதல் ஆண்டில் கூடும். மண் மாற்றுவது செடி வாங்குவதைவிடக் கடினமான, அழுக்கான, படமெடுத்துப் பகிர முடியாத வேலை. ஆனால் அது ஒருமுறை செய்யும் வேலை.

எங்கள் வெட்சிகளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். கடந்த வேனிலில் செடிகளை வேர்மண்ணோடு எடுத்துவைத்து, இடிபாட்டை அள்ளி அகற்றினோம். ஒரு சிறு லாரி நிறையப் போயிற்று. வெட்டுக்கல் மண்ணை நிரப்பி மேடாக்கி, மழை தொடங்கியபின் மீண்டும் நட்டோம். 14இல் மூன்று பிழைக்கவில்லை. மற்றவற்றின் புதிய இலைகள் கரும்பச்சையாக வருகின்றன. பழைய மஞ்சள் இலைகள் இன்னும் அடியில் இருக்கின்றன. முதியவர் அவற்றைக் கிள்ள வேண்டாம் என்கிறார், தானே உதிருமாம். வெற்றிடமான மூன்று குழிகளிலும் நரிவால் பனை வைக்கலாம் என்று ஒரு தரப்பும், மீண்டும் வெட்சி என்று இன்னொரு தரப்பும் சொல்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அது முடிவாகும். எந்தத் தரப்பு வென்றாலும் குழியில் இருப்பது இப்போது மண்.